ஐந்தாவது பாட்டில் ‘கம்முனு இரு’

என் மகன் நிஜாம், பெற்ற தகப்பனைப் பார்த்து “கம்முனு இரு” என்று பாட்டிலேயே சொல்லிவிட்டான் என்பதுதான் குற்றச்சாட்டு. அதை விசாரிக்கத்தான் நான் அமெரிக்கா போனேன். மகள் வீட்டில் கொஞ்ச நாள், தங்கை வீட்டில் கொஞ்ச நாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் இருந்த காரியம் இது ஒன்றுதான்.

நிஜாம் கலிபோர்னியாவில் பெரிய கம்பெனியில் பெரிய சம்பளத்தில் இருந்தவன். திடீரென்று அதை விட்டுவிட்டு டெக்சாஸில் சின்னக் கம்பெனி ஒன்றில் சேர்ந்துகொண்டான். ஏண்டா என்றால், அங்கே ஒரு ராக் பேண்டில் வாசிக்கிறானாம். அதற்குக் காசும் கிடையாது. விசாவில் இருக்கிறவன் வேலைக்குத் தவிர வேறெதற்கும் காசு வாங்கக்கூடாதாம். “அப்ப சோத்துக்கு வாசிக்கிறானா?” என்று கேட்டார் எங்கள் வீட்டுக்காரர். புதுப்பேட்டையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறவர். ஒரு போல்ட்டைக்கூடச் சும்மா கொடுத்துப் பழக்கமில்லாத மனிதர்.

பிறகு அந்த பேண்டின் ஆல்பம் வெளிவந்தது. (பேர் எழுதாதீங்கம்மா என்று நிஜாம் கெஞ்சியிருக்கிறான். விசா பயம்.) வேலை விஷயத்தில் முறைத்துக்கொண்டிருந்த அத்தாவும் மகனும் ராசியாகட்டும் என்று என் மகள் ரிஸ்வானா அதை அவருக்கு அனுப்பிவைத்தாள். அவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பாட்டுக் கேட்கக் கண்ணாடி எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். ஐந்தாவது பாட்டில் ஒரு பொம்பளை “கம்முனு இரு, கம்முனு இரு” என்று இழுத்து இழுத்துப் பாடுகிறாள். கடைசியில் ஓர் ஆண் குரல், எங்கள் நிஜாமின் குரலேதான், அதையே ஒரு தடவை சொல்கிறது. அவ்வளவுதான், போனைக் கவிழ்த்து வைத்தார். “வெள்ளைக்காரியக் கூட்டி வெச்சு அப்பன வாய மூடுங்கறான்.” அதற்குப் பிறகு மகனின் போனை எடுப்பதில்லை. நோன்புப் பெருநாளுக்குக்கூட ஒரு சலாம் இல்லை. அன்றைக்கு எனக்குப் பிரியாணி இறங்கவில்லை. நம்பினால் நம்புங்கள், எனக்கு.

விமானத்தில் என்ன கொடுத்தார்கள், எங்கே மாறினேன் என்பதெல்லாம் விடுங்கள். நியூஜெர்சி மான்மவுத் ஜங்ஷனில் ரிஸ்வானா வீட்டில் கண் விழித்ததும் முதல் காரியமாக, “உன் கார்ல அந்த ஆல்பத்தப் போடு” என்றேன். நானும் சென்னையில் கேட்டிருந்தேன், ஆனால் வீட்டுக்காரரின் கத்தலுக்கு நடுவில். இப்போது ஒழுங்காகக் கேட்க வேண்டும். நான் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். விடையை மட்டும் பார்த்து மார்க் போடும் பழக்கம் எனக்கு இல்லை.

நியூஜெர்சியில் ஒரு வினோதம். ரோட்டில் இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் வலது பக்கம் ஒதுங்கி, ஒரு வளைவு வளைந்து வந்து, குறுக்கே போக வேண்டும். அந்த ஒதுங்கலைத் தவறவிட்டால் கதை முடிந்தது, அடுத்ததுக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். ரிஸ்வானா என்னோடு பேசிக்கொண்டே அன்றைக்கு இரண்டைத் தவறவிட்டாள். புடவை வாங்க ஐசலினுக்குப் போகவேண்டிய நாங்கள் எங்கெங்கோ சுற்றினோம். அத்தனை நேரமும் ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் பிடிக்கவில்லை. அந்த அம்மா மூக்கால் பாடுகிறாள், பாதிச் சொல்லை மென்று விழுங்கிவிடுகிறாள். முதல் பாட்டு ஒரு பெட்ரோல் பங்க்கைப் பற்றி. நியூஜெர்சியில் யாரும் காரைவிட்டு இறங்குவதில்லை, ஆள் வந்து பெட்ரோல் போட்டுவிட்டுப் போகிறார். தெற்கே டெக்சாஸில் அவரவர்தான் இறங்கிப் போட்டுக்கொள்ள வேண்டுமாம். பெட்ரோல் வாடையோடு நின்றுகொண்டு, போனவனை நினைத்துப் பாடுகிறாள். “இதுல என்னடி பாட்டு இருக்கு?” என்றேன். “வெயிட் பண்ணுங்கம்மா, மூணாவது பாட்டு வரட்டும்” என்றாள் ரிஸ்வானா.

மூன்றாவது பாட்டு வந்தது. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. தண்ணீர் வடிந்தபின் ஃபிரிட்ஜின் மேல் அது ஏறி நின்ற கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைத் துடைக்க மனசில்லை என்கிறாள். கூடவே பின்னால் ஒரு வாத்தியம், தொண்டை அடைத்துக்கொண்டவர்கள் பேச ஆரம்பிக்கிற மாதிரி, மெதுவாக மேலேறி வருகிறது. எங்கள் கடைக்குள் தண்ணீர் புகுந்தபோது பேரிங் பெட்டிகளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாரே மனுஷன், அது கண்முன்னால் வந்தது. சுவரில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. வெள்ளையடிக்க ஆள் வந்தால் வேண்டாம் என்று அனுப்பிவிடுவார். ஓக் ட்ரீ ரோட்டில் புடவைக் கடை வாசலில் கார் நின்றுவிட்டது, நான் இறங்கவில்லை. “அந்த அழுகிற வாத்தியம் யாருடி?” என்று கேட்டேன். “உங்க புள்ளதான்” என்றாள்.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வெங்காயம் நறுக்கும்போது முணுமுணுத்தேன். வெந்நீர் வைக்கும்போது முணுமுணுத்தேன். லாரியை விற்றுவிட்டுச் சாவியை மட்டும் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறவனின் பாட்டு, சர்ச்சில் எல்லாரும் அழும்போது சிரிப்பு வந்துவிட்டவளின் பாட்டு, எல்லாமே எனக்குத் தெரிந்தவர்களைப் பற்றியவையாக இருந்தன. ராக்கென்றால் கத்துவார்கள் என்று நினைத்திருந்தேன். இவர்களும் டிரம்ஸைப் போட்டு அடிக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் அடிக்கு நடுவே ஒரு வீடு இருக்கிறது, அடுப்படி இருக்கிறது, வராத மனுஷனுக்காக எடுத்துவைத்த சோறு இருக்கிறது.

அந்த ஐந்தாவது பாட்டைத்தான் பயந்து பயந்து கேட்டேன். சந்தேகமே இல்லை, ‘கம்முனு இரு’தான். என் பேத்தி ஆயிஷா பின்சீட்டில் இருந்து சிரித்தாள். தமிழ் எல்லாம் புரியும், வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான். “நன்னி, அது தமிழ் இல்ல, அவங்க ‘கம் ஆன் இன் ஹியர்’னு பாடறாங்க” என்பதுதான் அவள் சொன்னதன் பொருள். உள்ளே வாங்க என்கிறாளாம். தெற்கத்தி நாக்கு அதை அப்படிச் சுருட்டிவிடுகிறதாம். உடனே சென்னைக்குப் போன் போட்டேன்.

“இங்கிலீஷ்ங்க அது! உள்ள வாங்கன்னு கூப்புடறாங்க!”

“அந்தப் பொம்பள இங்கிலீஷாவே இருந்துட்டுப் போறா” என்றார். “கடைசில உன் புள்ள சொல்றானே, அதுவும் இங்கிலீஷா? எனக்குக் காது கேக்குது.”

ரிஸ்வானாவைப் பார்த்தேன். அவள் அந்த இடத்தை மறுபடி போட்டாள். கடைசியில் வருவது சுத்தமான எங்கள் ராயப்பேட்டைத் தமிழ். இதை நேரில்தான் கேட்க வேண்டும்.

கலிபோர்னியாவில் என் தங்கை ஜெரினா ஃப்ரீமாண்டில் இருக்கிறாள். நிஜாம் முதலில் போய் இறங்கியது அவள் வீட்டில்தான். கோடை காலம் என்று நம்பி ஸ்வெட்டர் எடுத்துப் போகாமல் நடுங்கிச் செத்தேன். “இங்க சம்மர் அப்டித்தாங்க்கா” என்று தன் கணவரின் ஜாக்கெட்டை எனக்கு மாட்டிவிட்டாள். அதைப் போட்டுக்கொண்டு சான்ஃபிரான்சிஸ்கோ பாலத்தைப் பார்க்க ரயிலில் கிளம்பினோம். இரண்டு பேருக்கும் ஒரே இயர்போன், ஆளுக்கு ஒரு காது. சாவிப் பாட்டில் மூழ்கி இறங்க வேண்டிய ஸ்டேஷனை விட்டுவிட்டோம். திரும்பி வந்து பாலத்தருகே போனால் பாலத்தைக் காணோம், முழுக்கப் பனி. “பாலம் இங்கதான்க்கா இருக்கு, நம்பு” என்றாள் ஜெரினா. நம்பிவிட்டுத் திரும்பினோம்.

அவள்தான் அந்த வாத்தியம் வந்த கதையைச் சொன்னாள். பக்கத்து வீட்டில் யாரோ வீடு காலி செய்தபோது வாசலில் சாமான்களைப் போட்டு விற்றிருக்கிறார்கள். நிஜாம் ஒரு நாலுகால் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான். “நான் அயர்ன் பண்ற போர்டுன்னு நெனச்சு, வாஷிங் மெஷின் பக்கத்துல வெச்சு, அவன் சட்டையவே அது மேல விரிச்சுட்டேன். அப்புறம் பாத்தா கம்பி கம்பியா இருக்கு!” அதுதான் பெடல் ஸ்டீல் கிட்டார். உட்கார்ந்து வாசிப்பது. கையால் ஒரு இரும்பு உருளையைக் கம்பிகள்மேல் இழுக்க வேண்டும், காலால் பெடலை மிதிக்க வேண்டும், முழங்காலால் லீவரைத் தள்ள வேண்டும். வாங்கி வந்தபோது பாதி ரிப்பேர். ஆபீஸ் விட்டு வந்ததும் அதைக் கவிழ்த்துப் போட்டு அடியில் ஏதோ திருகிக்கொண்டே இருப்பானாம்.

“அது ரெடியானதும் ஒரே ஸ்வரத்த மணிக்கணக்கா இழுப்பான். இவரு தாங்க முடியாம கராஜ்ல போய் உக்காந்துக்குவாரு. ஆனா ஒண்ணு சொல்றேங்க்கா, இங்க வந்து ஒரு வருஷம் அவன் சரியா சிரிச்சு நான் பாக்கல. அது வந்தப்புறம்தான் சாப்பாட்ட ரெண்டாவது தடவ கேட்டு வாங்கினான்.”

எனக்கு அது தெரியாது. தினமும் போனில் “நல்லாருக்கேம்மா” என்று சொன்ன பிள்ளை. ஜெரினா வீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன்.

வெளியே வந்து ஐந்தாவது பாட்டின் கடைசியை ஜெரினாவிடம் போட்டுக் காட்டினேன். காதை ஒட்டவைத்துக் கேட்டாள். “நம்ம பையன் கொரல்தான். ‘கம்முனு இரு’தான். மச்சான் கோவப்படறதுல தப்பே இல்லக்கா” என்று தீர்ப்புச் சொன்னாள். கூட வந்தவளே எதிர்க்கட்சி ஆகிவிட்டாள்.

ஹூஸ்டனில் இறங்கியதும் சென்னையே வந்துவிட்டது என்று நினைத்தேன், அப்படி ஒரு புழுக்கம். நிஜாம் தாடி வைத்திருந்தான். இளைத்திருப்பான் என்று எதிர்பார்த்தேன், தொப்பை போட்டிருந்தான். கட்டிப்பிடித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. “அத்தா எப்டி இருக்காரு?” என்பதுதான் முதல் கேள்வி. “இருக்காரு” என்றேன்.

அவன் வீடு பேர்லேண்டில். மீனாட்சி கோயில் பக்கம்தான். பக்கத்து வீட்டுச் சென்னைக்காரப் பெண் கோயில் புளியோதரையை டப்பாவில் போட்டு, நாங்கள் போய்ச் சேரும் முன்னாலேயே அங்கே வைத்துவிட்டுப் போயிருந்தாள். மறுநாள் காலை வாக்கிங் கிளம்பினேன். அந்த ஊரில் யாரும் நடப்பதில்லை என்பது எனக்குத் தெரியாது. ஒரு பெரிய வண்டி பக்கத்தில் வந்து நின்றது. தொப்பிக்காரர் ஒருவர் தலையை நீட்டி, “அம்மா, உங்க வண்டி எங்க நின்னுபோச்சு? நான் தள்ளி விடவா?” என்றார். வண்டி இல்லை, நடக்கிறேன் என்றேன். “எதுக்கு?” என்றார். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார் பாவம். இரண்டு நாளில் மூன்று பேர் எனக்கு லிஃப்ட் கொடுக்க வந்தார்கள்.

ஹலால் கடை ஒன்றில் பிரிஸ்கட் வாங்கிக் கொடுத்தான். மாட்டு நெஞ்சுக்கறியை ராத்திரியெல்லாம் புகையில் போட்டு எடுப்பது. மசாலா என்று பார்த்தால் உப்பும் மிளகும்தான், ஆனாலும் வாயில் வைத்ததும் கரைகிறது. தொட்டுக்கொள்ள வெள்ளை ரொட்டியும் பச்சை வெங்காயமும். பிரியாணிக்கு ஊற்றுகிற தால்சா ஒரு கரண்டி இருந்திருந்தால் டெக்சாஸுக்கே சலாம் போட்டிருப்பேன்.

கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை. வாய் ஓயாதவள் என்று பெயர் எடுத்த எனக்கு அந்த ஒரு கேள்வி நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஆமாம்மா, அத்தாவைத்தான் சொன்னேன் என்று அவன் சொல்லிவிட்டால்? அதற்கு மேல் நான் யாரைச் சமாதானம் செய்வேன்?

சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வாசிக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனான். வயலுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு பழைய ஹால். அவன் வாத்தியத்தை இறக்கப் பின்பக்கம் போய்விட்டான். நான் முன்கதவுக்குப் போனேன். வலைக்கதவைக் காலால் தள்ளிப் பிடித்துக்கொண்டு அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாய் நிறையச் சிரித்து உரக்கச் சொன்னாள்:

“கம்முனு இரு!”

அப்படியே நின்றுவிட்டேன். நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே! முன்பின் தெரியாத வீட்டு வாசலில் இப்படி ஒரு மரியாதையா என்று சுர்ரென்று ஏறியது. அவள் கையையும் ஆட்டி ஆட்டி மறுபடி சொன்னாள், “கம்முனு இரு, ஹனி!” நான் அசையாமல் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க, அவள் குழம்பிப்போய் வெளியே வந்து என் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். உள்ளே போனபிறகுதான் விளங்கியது. ஆயிஷா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. வாங்க, உள்ள வாங்க என்றுதான் அந்த மகராசி கத்தியிருக்கிறாள். அவள்தான் பாடகி டார்லா. பகலில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவளாம். “நிஜாமோட அம்மாவா? உங்க பையன் அந்தக் கம்பில என்னை அழ வெச்சான், தெரியுமா?” என்று சொல்லி என்னைக் கட்டிக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்தத் தைரியத்திலேயே மேடைக்குப் போனேன். நிஜாம் மல்லாந்து படுத்துக்கொண்டு வாத்தியத்தின் அடியில் எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான்.

“ஏண்டா, அவ சொல்றது இங்கிலீஷு. கடைசில நீ சொல்றது என்னா? அத்தாவ கம்முனு இருன்னு சொன்னியா?”

ஸ்பேனரோடு எழுந்து உட்கார்ந்தான். “அத்தா அப்டியா நெனச்சாரு? அதனாலதான் போன எடுக்கலியா? ஐயோ அம்மா! அது நான் அத்தாவ சொன்னது இல்ல. அத்தா என்னைச் சொன்னது.”

“எப்ப?”

“ஞாயித்துக்கெழம மத்தியானம், ரேடியோல பாட்டு கேப்பாருல்ல. நான் நொய்நொய்னு ஏதாவது கேட்டுட்டே இருப்பேன். சட்டையப் புடிச்சு இழுத்து மடில உக்கார வெச்சு, ‘கம்முனு இருடா’ம்பாரு. அதுக்கு எந்திரிச்சுப் போன்னு அர்த்தம் இல்லம்மா. என் பக்கத்துல இரு, கேளுன்னு அர்த்தம். ரெக்கார்டிங்ல டார்லா மொத தடவ இதப் பாடினப்ப எனக்கு அத்தா கொரல்தான் கேட்டுச்சு. வாசிக்க முடியல, நிறுத்திட்டேன். ஏன்னு அவ கேட்டா. சொன்னேன். ரெண்டும் ஒரே அர்த்தம்தானே, நீ உங்க பாஷைல கடைசில சொல்லுன்னா.” ஸ்பேனரைக் கீழே வைத்தான். “அத்தா கேட்டா சிரிப்பாருன்னு நெனச்சேம்மா. அவருக்காகத்தான் சொன்னேன்.”

வாத்தியத்தின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தேன். கம்பிக் கம்பியாக ராடுகள், ஸ்பிரிங்குகள், திருகுகள். எங்கள் கடையைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி இருந்தது. விளையாட்டுச் சாமானுக்குப் பதிலாகக் கிளட்ச் கேபிளை வைத்துக்கொண்டு வளர்ந்த பிள்ளை, வேறெதைத் தேடிப் போவான்?

ஐந்தாவது பாட்டு தொடங்கும்போது சென்னைக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே விடிந்து, சுபுஹு தொழுதுவிட்டு அவர் டீயோடு உட்காரும் நேரம். என் போனை மட்டும் எடுப்பார். எடுத்தார். உடனே போனை மேடைப் பக்கம் திருப்பிப் பிடித்தேன். வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். வைக்கவில்லை. ஹாலில் ஆண்களும் பெண்களும் ஜோடி ஜோடியாக மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நிஜாம் தலையைக் குனிந்துகொண்டு அந்த உருளையை நகர்த்தினான். அந்த அழுகை கிளம்பி மேலே போனது.

“அடில காட்டு” என்றார் போனில். அவர் மூக்கும் கண்ணாடியும் மட்டும்தான் திரையில் தெரிந்தன.

“என்னது?”

“அந்தப் பலகைக்கு அடில. அது என்னா, லிங்க் ராடா? கால்ல மிதிச்சா எது இழுக்குது?”

கூட்டத்தை இடித்துக்கொண்டு மேடைக்கு முன்னால் போய்க் குனிந்து காட்டினேன். காட்டிக்கொண்டே விசாரணை அறிக்கையைக் கொட்ட ஆரம்பித்துவிட்டேன், எனக்கு அடங்கவில்லை. “அவன் உங்களச் சொல்லலங்க! நீங்க சொன்னத அவன் சொல்றான்! ஞாயித்துக்கெழம ரேடியோ, மடில உக்கார வெப்பீங்களே, அது! அந்த அம்மா உள்ள வாங்கன்னு கூப்புடறா, எனக்கே வாசல்ல சொன்னா, நானும் தப்பா நெனச்சு வாயப் பொத்திட்டு நின்னேன்! நீங்கதான் அநியாயமா பெருநாளைக்குக்கூடப் பேசாம…”

பாட்டு அடங்கிக்கொண்டு வந்தது. நிஜாம் மைக்கின் பக்கம் குனிந்தான்.

“ஏய்” என்றார் எங்கள் வீட்டுக்காரர். கண்ணாடியைக் கழற்றிவிட்டிருந்தார். “நீ செத்த கம்முனு இரு. புள்ள வாசிக்கிறான்ல?”

நான் கம்முனு இருந்தேன்.